இதர

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
சாலை, பள்ளி, மருந்தகம், மின்சாரம், நீர்.
கடைசியில் ஒரு வரி, இதர.
ஒன்றைத்தான் கேட்கலாம் என்றேன்.

விருந்தறையில் தேநீர் ஆறியது.
சாலை போட்டால்
ஆப்பிள் அழுகுமுன் சந்தைக்குப் போகும் என்றார் தோரியாலை.
அதில் முதலில் வருவது டாங்கிதான் என்றார் இன்னொருவர்.
சிரித்தார்கள். நானும்.

"கரேஸைத் தூர்வாரினால் என்ன?
மலையடி நீர் தானாக வயலுக்கு வருமே?"
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ஒருவர் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்,
வெகுநேரம்.

திரைக்கு அப்பாலிருந்து கோத்தை பேசினாள்:
"ஏழாவது கிணற்றில் பதினோரு பேர் கிடக்கிறார்கள்.
நான்கு பேர் எங்கள் பக்கம்,
மற்றவர்கள் அந்தப் பக்கம்.
எலும்பில் பக்கம் தெரியாது.
என் மகனின் இடது காலணியில் மட்டும்
பச்சை நூல் கோத்திருந்தேன்.
தண்ணீர் அப்புறம் வரட்டும். எழுதிக்கொள்:
கயிறு, நாற்பது முழம்.
வெள்ளைத் துணி,
பதினோரு பேருக்கும்."

இது எந்தத் துறை என்று
காபூலில் கேட்பார்கள்.
இதர வரியில் இடம் போதாமல்
ஓரத்தில் திருப்பி எழுதினேன்.

நிமிர்ந்தபோது தோரியாலை அங்கில்லை.
வாசலில், எண்ணெய் காணாத
தன் வீட்டு ராட்டினத்தை
இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.