விட்டுப்போன புள்ளி

பாஹியாவில் மழை விட்ட காலை.
நீதிபதியின் மேசைமேல்
செத்தவன் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த தோல் தாயத்து.
எழுத்தரின் பேனாக்கத்தி தையலைப் பிரித்தது.
உள்ளே, எட்டாய் மடித்த காகிதம்.

"படி" என்றார்கள்.

தலையெழுத்து என்பார்கள்;
எனக்கு அது தோளில்.
சூட்டுக்கோல் எழுதிய அந்த இரண்டெழுத்தை
இந்த ஊரில் படிக்காதவர் இல்லை.
நேற்றுவரை இவர்கள் வீட்டுப் பெண்களைப்
பல்லக்கில் சுமந்த தோள்.
இன்று என் கண் வேண்டியிருக்கிறது.
வலமிருந்து இடம் போகும் எழுத்து
இவர்களுக்கு எறும்புச் சாரை;
எந்தப் புற்றுக்குப் போகிறதென்று தெரியாத
பயம்.

பெயர் பெல்ஷியோர் என்று எழுதிக்கொண்டார்கள்.
டான்லாமி, வியாழக்கிழமை பிறந்தவன் என்பதை
யாரும் கேட்கவில்லை.

விரித்தேன்.
விரித்ததுமே தெரிந்துவிட்டது, தசல்லாவின் கை.

சுண்ணாம்புக் கிடங்கின் பின்னறையில்
நாங்கள் ஐந்து பேர், ஒரே பலகை.
அரிசியைக் கருக வறுத்து மை.
எழுதி, ஓதி, கழுவி,
கழுவிய நீரை ஆளுக்கொரு மிடறு குடிப்போம்.
குடித்ததை யார் பறிமுதல் செய்வது?

துணி வெளுத்து விரல்நுனி வெடித்தவள்
என்னைவிட வேகமாக எழுதுவாள்.
என் அலிஃபைப் பார்த்து,
"பல்லக்குக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு" என்பாள்.
நூனுக்கு மட்டும் புள்ளி வைக்க மறப்பாள்.
எப்போதும்.
கேட்டால்,
"கப்பல்லயே விட்டுட்டேன்,
எடுத்துவர ஆள் அனுப்பு."

காகிதத்தில் கடவுளுக்கு ஒரு வரி.
அதன் கீழே அவள் பெற்ற மூன்று பேர்.
ஒன்றைக் கரும்பாலைக்கு விற்றார்கள்,
ஒன்றைப் புகையிலைக் காட்டுக்கு,
ஒன்றை எங்கே என்றே சொல்லவில்லை.
சண்டைக்குப் போகிறவன் போகிற வழியில் தேடட்டுமென்று
அவன் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறாள்.

"பெயர்களா?" நீதிபதி முன்னால் சாய்ந்தார்.
பெயர் என்றால் ஆள்.
ஆள் என்றால் சவுக்கு.

சொன்னேன்:
முதலில் கடவுளைப் புகழ்கிறது, ஐயா.
பிறகு, நோன்பு.
பிறகு, மழை பெய்கிறது.
பிறகு, ஆறாம் விரல்.

"ஆறாம் விரலா?"
"ஆமாம் ஐயா."
எழுத்தர் மூக்குப்பொடி இழுத்துத் தும்மி
அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை.
நோன்பு மாதத்தில் பிறந்தவள் அசூமி.
மழையில் பிறந்தவன் அனருவா.
ஒரு விரல் கூடுதலாய்ப் பிறந்தவன் சிண்டோ.
தங்கள் பெயரின் அர்த்தத்துக்குள்ளே போய்
மூன்று பிள்ளைகளும் ஒளிந்துகொண்டார்கள்,
அரசாங்கத்தின் தாளிலேயே.

"எழுதியது யார்?"
"செத்தவனே எழுதியிருப்பான்."
இது பொய்தான்.
இறைவன் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.
அவனுக்குப் படிக்கத் தெரியும்.

ஆனால் நாளை கிரெகோரியோ வருவான்.
விடுதலைச் சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
அவனும் அதே பலகையில் குடித்தவன்.
புள்ளியில்லாத நூனைக் கண்டால்
ஒரு நொடியில் ஆளைச் சொல்லிவிடுவான்.

"எழுதத் தெரியாதவன்" என்று
என் வாக்குமூலத்தின் கீழே குறித்தார்கள்.
காலையெல்லாம் படிக்க வைத்தவர்களுக்கு
இப்போது நான் கைநாட்டு.
"சிலுவைக் குறி போடு."
என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
அவர்கள் கடவுளின் மரம்.
போட்டேன்.
மை இன்னும் இருந்தது பேனாவில்.
காகிதத்தை மடிப்பவன்போல் குனிந்து
அனருவாவுக்கு ஒரு புள்ளி.
சிண்டோவுக்கு ஒரு புள்ளி.

இனி இது அவள் கையெழுத்து இல்லை.

மேலே மணல் தூவி, நூல் கட்டி,
அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

நீரூற்றில் அவள் யாரோ துரையின் சட்டையைக்
கல்லில் அறைந்துகொண்டிருந்தாள்.
நிற்காமல் கடந்தபடி சொன்னேன்:
"கப்பல்ல விட்டது வந்து சேர்ந்துடுச்சு."
அவள் நிமிரவில்லை.
துணி விழும் சத்தம் மட்டும்
ஒரு அடி தவறி,
பிறகு பழையபடி.