மருந்து

பகாவ் கிளினிக்கின் பின்னறை.
ஐஸ் பெட்டியில் பதினோரு ரத்தக் குழாய்கள்.

"மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"
"எடுக்கிறதா?
அடிச்சேன், இருபத்தாறு வருசம்.
முதுகுல தோம்பு, செம்பனை நிரையில.
காத்து திரும்புனா மூஞ்சியிலதான்."
மைனாவதி சிரித்தார்.
வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத மாத்திரை ஒன்றை உருட்டின.

எட்டு ஆண்டாய் ஒரு புரதத்தோடு பழக்கம் எனக்கு.
தவறாக மடியும். மடிந்தது சும்மா இராது,
பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல் மடிக்கும்.
உயிரணுவுக்குள்
குப்பை அள்ள ஆளில்லாத லயம்போல்
சேரும், சேரும்.
யார் முதலில் மடித்தது என்ற இடத்தில்
என் கட்டுரை
பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

"இதுக்கு மருந்து உண்டா டாக்டர்?"

கேள்வித்தாளில் அந்தச் சொல்லுக்கு
ஒரே கட்டம்.
ஊசியை எடுத்தேன்.
ஆடும் கையை
மறு கையால் அமுக்கிப் பிடித்து
அவரே நீட்டினார்.