அடிபடாதவை

ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனை ஆலையைப்
பழுதுபார்க்க நிறுத்திய மூன்றாம் இரவு
கொதிகலனின் வெல்டிங் தையலைப் படமெடுக்கப்
போனான் யுகேந்திரன்.
பேனா மூடிக்கும் சிறிய இரிடியம்
குழாய் வழியே வெளியே போனது,
திரும்பி வரவில்லை.
கைப்பிடியைச் சுற்றினான்,
உள்ளே வந்துவிட்டதென்றே நினைத்தான்.
அளவுமானியில் பேட்டரி தீர்ந்திருந்தது.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து
ஹாபிஸ் கத்தியிருக்கிறான்.
ஜெனரேட்டர் சத்தம்.
பதினோரு நிமிடம்.

வலியில்லை, சூடில்லை.
முடித்துவிட்டு ஒட்டுக்கடையில்
மீ கோரேங் சாப்பிட்டிருக்கிறான்.
பிறகு வாந்தி.
கடைக்காரரைத்தான் முதலில் திட்டினார்கள்.

தெலுக் இந்தான் மருத்துவமனை ரத்தப் பிரிவில்
எண்ணுபவள் நான்.
எட்டு மணிக்கொருமுறை அவனுடைய ஒரு துளி
கண்ணாடித் தகட்டில் வரும்.
லிம்போசைட் கண்ணில் பட்டால்
பெருவிரல் ஒரு தட்டு.
திங்கட்கிழமை விரலுக்கு வேலை இருந்தது.
புதன்கிழமை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்தேன்,
யாரும் எதிர்ப்படவில்லை.

எலும்புக்குள் ஒரு பேச்சு உண்டு.
தாங்குசெல்கள் தாய்ச்செல்களிடம்
'இங்கேயே இரு, இங்கேயே இரு' என்று
புரதத்தால் சொல்லிக்கொண்டே இருக்கும்.
சுவரும் சுவரும் ஒட்டும் இடங்களில் துவாரம் வைத்து,
லயத்துப் பலகை இடுக்கில்
வத்தலும் புளியும் கைமாறுவதுபோல
கால்சியம் போய்வரும்.
கதிர் நுழைந்தபின் துவாரங்கள் அடைத்துக்கொண்டன.
'இரு' என்று சொல்ல ஆள் குறைந்தது.
கேட்டுப் பழகியவை
எங்கே நிற்பதென்று தெரியாமல்
ரத்தத்தில் இறங்கி நடந்தன.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று:
அடிபட்ட செல் சாகுமுன்
தன் சவ்விலேயே ஒரு துண்டைக் கிள்ளி
பொட்டலம் கட்டி அனுப்புகிறது.
கதிரே படாத அண்டைச்செல்
நம்பி வாங்கிப் பிரிக்கிறது.
பிரித்ததும்
அதன் டிஎன்ஏயும் உடைகிறது.

ஹாபிஸ் மார்பில் குத்தியிருந்த அட்டையில்
பதிவு ஏறக்குறைய பூஜ்யம்.
ரத்தமும் சுத்தம். மூன்று தடவை எண்ணினேன்.
"நல்லாத்தான் இருக்கு, பாங்."
தலையாட்டினான். எழுந்து போகவில்லை.
இருபது நாளாய்த் தூக்கமில்லை என்றான்,
சீப்பில் முடி கொத்துக் கொத்தாய் வருகிறது என்றான்,
தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.
எந்தப் படிவத்தில் இதை எழுதுவது.

நேற்று டாக்டர் சுலோசனா
யுகேந்திரனின் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்.
சிவப்பாய் வரவேண்டியது
மஞ்சளாய் வந்தது, எண்ணெய் மிதக்க.
இந்த ஊரில் எதைப் பிழிந்தாலும் எண்ணெய்தான் என்று
சொல்ல வாயெடுத்து
விழுங்கிவிட்டேன்.

அன்றிரவு ஒரு பக்கமாய்க் குந்தியிருந்தானாம்,
இடது இடுப்பு
கொதிகலனின் தடித்த இரும்பு விளிம்புக்குப் பின்னால்.
அங்கே ஒரு பிடி மஜ்ஜை பிழைத்திருக்கலாம் என்கிறார்.
அதற்கும் பொட்டலங்கள் போய்க்கொண்டுதான் இருக்கும்.
'இங்கே ஆளில்லை, வா' என்ற சொல்லும்
அதே வழியில்தான் போயாக வேண்டும்.
எது முதலில் போய்ச் சேர்ந்ததோ.

விடிகாலை நாலு மணித் துளி.
வெளியே பழ லாரி ஒன்று குலுங்கிப் போகிறது.
ஆலை மறுபடி ஓடுகிறது.
தகட்டின் ஓரத்தில்
வெளிறிய ஊதாவில் ஏதோ ஒன்று,
இளம் வெள்ளணு மாதிரி,
சாயப் பிசிறாகவும் இருக்கலாம்.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
நூறு மடங்கு லென்சைத் திருப்புகிறேன்.
பொத்தான்மேல் சுண்டுவிரல்
இன்னும் தட்டவில்லை.