கடிவாய்

பகலில் நான் பற்கள் செய்கிறேன்.
சாட்ஸ்வர்த்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
யார் யாருடைய ஈறுகளோ
மெழுகில் வாய் பிளந்து காத்திருக்கும் மேசை.
மிஸஸ் மூட்லிக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை.
ரொம்ப வெளுத்தால்
பொய் என்று சம்பந்திக்குத் தெரிந்துவிடுமாம்.

இரவிலும் அதே கத்தி, அதே துளைகருவி.
உடம்புகள்தான் வேறு.

கட்டைவிரல் உயரம் அவன்.
இடுப்புக்குக் கீழே குங்ஃபூக்காரன்,
பாதி உதையில் நின்றுபோன கால்.
மேலே விண்வெளிச் சிப்பாய்,
தோள்கவசம் மட்டுமே தலையைவிடப் பெரிது.
முதுகில் ரத்தக்காட்டேரிப் பிரபு ஒருவரின் மேலங்கி.
முகம் கௌபாயுடையது.
தொப்பி மட்டும் தவநேசனிடம் பண்டமாற்று:
இரண்டு லேசர் துப்பாக்கி,
ஒரு கடற்கொள்ளைக்காரனின் இடது கை.

கழுத்தில் ரம்பம் போகும்போது
பிளாஸ்டிக்தான் என்று தெரியும்,
இருந்தும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.
அரை மில்லிமீட்டர் துளை, செம்புக் கம்பி,
ஒரு சொட்டு சூப்பர் க்ளூ.
என் கட்டைவிரலும் அவனோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.
பிய்த்தெடுத்தால்
என் ரேகை அவன் இடுப்பில்.

ஆய்வகத்தில் நொண்டோபெகோ
அவனை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"தீப்பிடித்த வீட்டிலிருந்து
கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடிவந்தவன்"
என்றாள்.
அதன்பிறகு அவனுக்கு நான் பெயர் தேடவில்லை.

எட்டு மணிக்கு மின்வெட்டு.
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
வண்ணத்தை மோர்ப் பதத்துக்கு நீர்த்து
ஒரு பூச்சு, காயவிட்டு
இன்னொரு பூச்சு.
மடிப்புகளில் நிழல் தானாக விழாது, இந்த அளவில்.
நான்தான் ஊற்ற வேண்டும்.
கண்ணை மட்டும் நாளைக்கு என்று விட்டேன்;
கை நடுங்கியது, மணி பதினொன்று.

காலையில் ஜன்னல்கட்டையில் பப்பாளி அப்படியே இருந்தது.
அவன் இல்லை.

திருட்டுக்கம்பி வழியே
மனிதக் கை நுழையாது.
எதிர்க்கூரையில் கருத்த முகமும் சாம்பல் உடம்புமாய்
ஒரு வெர்வெட் குரங்கு,
தேங்காய்ச் சில்லைத் தின்பதுபோல்
நிதானமாக அவனைத் தின்று பார்த்தது.
நான் செருப்பை எறிந்தேன்.
செருப்பும் இன்றுவரை கூரையில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பக்கத்துவீட்டு லிச்சி மரத்தடியில்
கிடைத்தான்.
தொப்பி போயிற்று. தட்டையான மண்டை,
நடுவில் கம்பித் துளை.
தோள்கவசத்தில் கடிவாய்:
கீழ்வரிசை வெட்டுப்பல் நான்கு,
இடப்பக்கத்துப் பல் சற்றே சாய்ந்தது,
வயதான குரங்கு.
இவ்வளவு துல்லியமான அச்சை
எந்த நோயாளியும் எனக்குத் தந்ததில்லை.

புட்டியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
குழியின் அடியில் கத்தரிப்பூ நிறம்.
விளிம்புக்கு ஈறுச் சிவப்பு,
எந்த டப்பாவிலும் விற்காதது,
மிஸஸ் மூட்லிக்குக் கலந்ததில் மிச்சம்.
மண்டைக்கு இரண்டு நாள் மயிர்.
கண்ணும் திறந்தேன், ஒற்றை மயிர்த் தூரிகையில்.
இடது கண் கொஞ்சம் மேலே போய்விட்டது,
கூரையைப் பார்க்கிறான்.
திருத்தவில்லை.

சனிக்கிழமை அரீனா பார்க் மண்டபத்தில்
தவநேசன் ஃபோன் வெளிச்சத்தைத் தோளில் அடித்து
ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.
"இது எந்தக் கருவி?"
"பல்லுதானே என் தொழில்" என்றேன்.
பொய் இல்லை.
என் தொப்பி எங்கே என்றும் கேட்டான்.
பகடையை உருட்டு என்றேன்.

இரண்டாம் சுற்றிலேயே செத்தான் அவன்,
ஒன்று விழுந்து.
அட்டைப்பெட்டியில் பஞ்சுக்குள் படுக்கவைத்தேன்,
கண்கள் திறந்தபடி.

இப்போதெல்லாம் மாலையில்
மதில்மேல் குரங்குக் கூட்டம் போகும்போது
பப்பாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு
ஒவ்வொன்றாய்க் கன்னத்தைப் பார்க்கிறேன்,
யாருக்காவது
ஒரு தொப்பியளவு வீக்கம் இருக்கிறதா என்று.