ஒன்பதாவது வளையம்

பகலில் பற்கள்.
ராவ்மா ஊரில் பாதிப் பேரை
முகத்தைவிட வாயை வைத்துத்தான்
அடையாளம் தெரியும் எனக்கு.
ஆறு மணிக்கு மேல் நிலவறையில்
இன்னொரு வாய்:
மல்லாந்து கிடக்கும் சிலிண்டர் ஹெட்,
நான்கு அறை, எட்டு வால்வு.
கூசாது. மரத்துப்போக ஊசி கேட்காது.
துப்ப வேண்டுமென்று கையைத் தூக்காது.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆல்ஃபா ரோமியோ.
சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கியதும்
கொட்டகையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.
எஞ்சினை மட்டும் இறக்கி
சறுக்குப்பலகையில் கட்டி இழுத்தோம்,
நானும் ரெய்யோவும்.
முற்றத்தைக் கடக்க முக்கால் மணி நேரம்.
"நாய் வளர்த்திருக்கலாம்" என்றான்.

ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பது சிசி.
துளையை நான்கே மில்லிமீட்டர் அகட்டினால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
நான்கு மில்லிமீட்டர்!
ஒரு கடைவாய்ப்பல்லின் பாதி அகலம்.
அதற்குத்தான் சமையலறைத் திரை
இந்த வருஷமும் பழையது.

நவம்பர் முழுக்க ஹெட்டின் காற்றுவழியைக் கடைந்தேன்.
உள்ளே திரும்பும் வளைவில்
வார்த்தவன் அவசரத்தில் விட்ட ஒரு விளிம்பு.
கண்ணுக்குத் தெரியாது,
சுண்டுவிரல் நுனிக்குத் தெரியும்.
அங்கே தடுக்கி விழுந்துகொண்டிருந்திருக்கிறது
ஐம்பது வருஷக் காற்று.

டிசம்பரில் பிஸ்டன்களை அவனில் வைத்தேன்,
எழுபது டிகிரி.
சூடேறினால்தான் பின் வழுக்கி உள்ளே போகும்.
அடுத்த நாள் ரெய்யோவின் ஏலக்காய் ரொட்டியில்
லேசாக எண்ணெய் வாசம்.
இரண்டு துண்டு தின்றான்,
மூன்றாவதை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டான்.

புதிய கேம் ஷாஃப்ட் வால்வை அதிகம் தள்ளும்.
பிஸ்டனில் இடிக்குமோ?
கிளினிக்கிலிருந்து கடிமெழுகு கொண்டுவந்து
பிஸ்டன் தலையில் ஒட்டி, மூடி,
கையால் இரண்டு சுற்று சுற்றித் திறந்தேன்.
மெழுகில் பிறைபோல் இரண்டு பள்ளம்.
மெலிந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.
கடி சரி.

பிப்ரவரி. எல்லாம் மூடி,
டார்க் ரெஞ்ச் கடைசி நட்டில் 'டிக்' என்றது.
தட்டைத் துடைக்க எடுத்தேன்.
தட்டில் ஒரு பூட்டு வளையம்.

பிஸ்டனுக்கு இரண்டு. நான்கு பிஸ்டன். எட்டு.
எட்டையும் மாட்டினேனா?
உறையில் இருந்தது எட்டா, ஒன்பதா?
உறை போன வாரமே அடுப்பில் எரிந்தது.

பல் பிடுங்கும்போது
பஞ்சை எண்ணி வைப்பேன், எண்ணி எடுப்பேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பஞ்சும் தப்பியதில்லை.
இங்கே எண்ணவில்லை.
பூட்டு இல்லாத பின்
ஏழாயிரம் சுற்றில் நகர்ந்து
சிலிண்டர் சுவரை உழும்.
"இருக்கும், விடு" என்றான் ரெய்யோ,
தூக்கத்தில், சுவரைப் பார்த்து.
இருக்கும் என்பது ஒரு அளவா?

இரவு ஒன்றரைக்கு இறங்கிப் போனேன்.
ஹெட்டைத் தூக்கினேன்.
அறுபது யூரோ கேஸ்கட் போயிற்று.
எண்ணெய்த் தொட்டி. கனெக்டிங் ராட்.
ஒவ்வொன்றாய் வெளியே தள்ளி
வாய்க்கண்ணாடியால் பின்னின் இரு பக்கமும் பார்த்தேன்.

இருந்தது.
இருந்தது.
எட்டும் இருந்தன, காடிக்குள் சமர்த்தாக.

எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ கை தவறியோ, கை தாராளத்திலோ
ஒன்று கூடப் போட்டிருக்கிறார்கள்.
தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பல்லைப் பிடித்துப் பார்த்தே பிழைப்பவளிடம்
அதை யார் சொல்வது?

ஏப்ரல் கடைசி ஞாயிறு.
முதல் சாவிக்கு இருமியது.
இரண்டாவதற்குக் கார்புரேட்டர் வழியே
ஒரு முழ நெருப்பு.
ரெய்யோ கஞ்சிப்பானை மூடியோடு ஓடிவந்தான்.
டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று மாற்றி வைத்திருக்கிறேன், மடைச்சி.
திருப்பி வைத்து மூன்றாவது சாவி.

எதிர்வீட்டு ஹோல்ம்ஸ்ட்ரம்
நின்றபடி ஜன்னலைத் திறந்தார்.
திட்டத்தான் என்று நினைத்தேன்.
மூடவே இல்லை.

திங்கள் காலை, கையுறை மாட்டுமுன்,
நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாள்
என் நகங்களைப் பார்த்தாள்.
"வார இறுதியில் கடினமான வேலையோ?"

"ஆமாம்" என்றேன்.
"ஒன்றைத் தேவையில்லாமல் திறந்துவிட்டேன்.
வாயை இன்னும் கொஞ்சம்."