அவைக் குறிப்பில் இல்லாதவை

மாவு மில்லின் மாடியில்தான் எங்கள் சட்டசபை.
கீழே கல் சுற்றும்போது
மேசைமேல் மசோதாக்கள் லேசாக அதிரும்.
நான் எழுத்தர். நாளுக்கு இரண்டு டாலர்,
அதிலும் பாதி கோதுமையாக.

ஓபெட் க்ரான்டல் முதல் நாள் வந்தபோது
மான்தோல் சட்டைக்கு மேல்
இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு.
நாற்காலியை நம்பாமல்
சுவரோரம் குந்தினார்.
உறுப்பினர் அமர வேண்டும், என்றார் அவைத்தலைவர்.
அமர்ந்துதான் இருக்கிறேன், என்றார் இவர்.
இதை நான் எழுதவில்லை.

பத்தொன்பது குளிர்காலம்
ஸ்நேக் ஆற்றில் தொடையளவுத் தண்ணீரில் நின்றவர்.
மழை வருமுன் முழங்கால்கள் சொல்லிவிடும்.
கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன்
பட்டுத் தொப்பி போட்டுத் தெருவில் நடந்தான்;
இங்கே பீவர் தோலின் விலை செத்தது.
தேர்தலில் அவர் பேசியது ஒரே கதை:
கரடி துரத்துகிறது, பக்கத்தில் மரமே இல்லை.
அப்புறம்?
ஓட்டுப் போடுங்கள், சொல்கிறேன்.
நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.
கதையின் மிச்சம் இன்னும் பாக்கி.

எழுத்து தெரியாது.
இரவில் மசோதாக்களை நான் வாசிக்க
கண்மூடிக் கேட்பார்,
பனியில் காலடி கேட்பவர்போல.
நடுநடுவே ஆறு வந்துவிடும்:
பொறிக்கு மேலே ஒரு குச்சி நட்டு
அதில் பீவரின் புனுகையே தடவுவார்களாம்.
சொந்தக்காரன் வாசனை என்று வருமாம் அது.
சில சமயம் விடிந்து பார்த்தால்
பொறியில் ஒரு பாதம் மட்டும்.
'அதற்கு விலை கிடையாது' என்பார்.

பதினேழாவது மசோதா நிலத்தைப் பற்றியது.
குடியேறியவன் ஒவ்வொருவனுக்கும்
அறுநூற்று நாற்பது ஏக்கர்.
அன்று மெழுகுவர்த்தி அடிவரை வந்துவிட்டது,
எனக்கும் கொட்டாவி.
கடைசிப் பக்கம் வழக்கமான வாசகம்தான், என்றேன்.

காலையில் கை தூக்கினார்,
எல்லோருக்கும் முன்னால், முழு நீளத்துக்கு.
நிறைவேறியபின் நான் உரக்க வாசித்தேன்.
கடைசிப் பக்கமும்:
தேவாலயப் பதிவேட்டில் ஏறாத மணங்களின்
மனைவிக்கும் மக்களுக்கும் இது செல்லாது.

அவர் மனைவி ஷோஷோனிக்காரி.
இரண்டு குதிரை, ஒரு கம்பளி, சாட்சிக்கு ஒரு மலை.
மூன்று பிள்ளைகள்.
அவள் பெயரை நான் மூன்று இடத்தில்
மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

என் மேசைக்கு வந்தார்.
அந்தக் கையை எழுதாதே, என்றார்.
மை காய்ந்துவிட்டது, என்றேன்.
காயவில்லை.

ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இரண்டு.

மறுநாள் அவர் நாற்காலியில்
கோட்டு மட்டும் தொங்கியது.
வடக்கே போனார் என்றார்கள், ஐந்து பேராக.
வசந்தத்தில்
கோட்டின் சொந்தக்காரர் மனுக் கொடுத்தார்:
வலது கை
முழங்கைவரை அறுபட்டிருக்கிறது, நஷ்டஈடு வேண்டும்.

இதைப் பதிவு செய்தேன்.
இரண்டரை டாலர் அனுமதிக்கப்பட்டது.