நிகர எடை

செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கணக்கு என்னுடையது.
லோரி குலைகளோடு ஏறும், ஓர் எண் விழும்.
கொட்டிவிட்டு வெறும் வயிறாய்த் திரும்பும், இன்னோர் எண்.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
பழம்.
பதினோரு வருடமாய் இதே கழித்தல்.

மகளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரம்
புவனேஸ் வேலைக்குத் திரும்பினாள்.
இருட்டு விலகாத ஆறரைக்கு
கையுறைத் தொழிற்சாலைப் பேருந்து
சிலிம் ரிவர் சந்தியில் அவளை ஏற்றிக்கொள்ளும்.
இரவு வேலை முடிந்து நான் அப்போதுதான் வந்திருப்பேன்.
லோஷினி தூக்கத்திலேயே கை மாறுவாள்.
அப்புறம் நாளெல்லாம் அவளும் நானும்
ஐஸ்பெட்டியில் தேதி எழுதிய பால் பைகளும்.

முதல் கரண்டி, கேலடேக் மசியல்.
சுளித்தாள். நாக்கால் தள்ளினாள்.
தாடையில் வழிந்ததை வழித்து மறுபடி வைக்க
விழுங்கிவிட்டு
அடுத்ததற்கு வாய் திறந்தாள் பாருங்கள்,
இருபது டன் லோரி ஏறியும்
எனக்கு அப்படியோர் எண் விழுந்ததில்லை.

அன்றைக்குப் பிடித்தது ஆசை.
ஒரு கரண்டி மூன்றானது, மூன்று அரைக் கிண்ணம்.
பரங்கிக்காய். பருப்போடு குழைத்த கஞ்சி.
உப்பில்லாமல் அவித்த மீன்,
முள்ளுக்காக மூன்று முறை விரலால் துழாவி.
காலிக் கிண்ணத்தைப் படமெடுத்து அனுப்புவேன்.
சாப்பாட்டு நேரத்தில் அவள் ஓர் இதயம் அனுப்புவாள்.
உருகிய பால் பை வெந்நீரிலேயே
ஆறிக் கிடந்ததை
நான் படமெடுக்கவில்லை.

இரவு ஏழு மணி.
கழுவிய கை காயுமுன் பிள்ளையை வாங்கினாள்.
லோஷினி இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு
திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
வயிறு நிறையப் பரங்கிக்காய்.
புவனேஸ் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
குழாய் ஓடவில்லை.
பீங்கானில் ஏதோ
விட்டு விட்டுப் பீய்ச்சும் சத்தம் மட்டும்.
சீருடையின் முன்பக்கம்
காய்ந்து விறைத்த இரண்டு வட்டங்களை
துவைக்கப் போடும்போதுதான் பார்த்தேன்.
பார்த்தும் புரியவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில்
மிஸி ரொஹானா எடை போட்டுப் புள்ளி வைத்தார்.
போன மாதப் புள்ளியிலிருந்து கோடு
ஏறாமல் படுத்துக் கிடந்தது.
கிண்ணம் கிண்ணமாய்ச் சாப்பிடுகிறாளே என்று
என் மலாய் தடுமாறியது.
பால் எத்தனை தடவை, என்றார்.
விரல் மடக்கினேன்.
மூன்றாவது விரலில் நின்றுவிட்டேன்.

அவர் வையவில்லை.
ஒரு வயது வரை பால்தான் முன்னால் நடக்கும்,
கரண்டி அதன் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.
நிறுத்தியும்விடாதே,
ரத்தத்துக்கு இரும்பு மீனிலும் பருப்பிலும் இருக்கிறது.
அவ்வளவுதான். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெளியே வெயிலில் வந்துதான் புவனேஸ் சொன்னாள்:
"பஸ்ல வலி தாங்காம துண்டைச் சுருட்டி
நெஞ்சுல அழுத்திக்கிட்டே வர்றேன், தெரியுமா?"
தெரியாது.

அன்றிரவு மழையில் நனைந்து வந்தது ஒரு லோரி.
நனைந்த குலை எடை கூடக் காட்டும்,
எண்ணெய் கூடாது.
இது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.
பேனாவைப் பிடித்தபடி
ரசீது எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஓட்டுநர் ஹார்ன் அடித்தான்.

இப்போது எழுந்ததும் பால்.
ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணம், சின்னது.
வாயைத் திருப்பினால் விட்டுவிடுகிறேன்
(பாதி நாள் விடுகிறேன்).
நாலு மணிப் பாலோடு சரி.
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
அவளை இடுப்பில் வைத்துச் சந்திக்கு நடப்பேன்.
பசியில் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டே வருவாள்.

நேற்றுப் பேருந்து நாற்பது நிமிடம் தாமதம்.
அழுகை தாங்காமல்
கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கி
கால்வாசி நசுக்கிக் கொடுத்துவிட்டேன்.
தோலைச் சாக்கடையில் எறிந்தாயிற்று.
வாயையும் துடைத்தாயிற்று.

புவனேஸ் இறங்கினாள்,
மகளை வாங்கினாள்,
முத்தமிடுவதுபோல் வாயருகே மூக்கை வைத்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.